அந்த எக்ஸ்ரே படத்துக்குப் பயப்படாதீர்கள்

புதுச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

இடுப்புவலியைப் பற்றி நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதமும், உடன் வைத்திருந்த எக்ஸ்ரே ரிப்போர்ட்டின் நகலும் கிடைத்தன. உங்கள் பெயரை விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படியாகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்களுக்கு வந்திருப்பது போன்ற வலியும், அதைவிடப் பெரிதாக அதே பயமும் கொண்டவர்கள் இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

நடந்ததை நான் புரிந்துகொண்ட வரையில் இதுதான். உங்களுக்கு வயது 42. நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனை வேலை. இரண்டு மாதத்துக்கு முன் சேலைக் கட்டு ஒன்றைத் தூக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் படம் எடுத்தார்கள். "எலும்பு தேஞ்சிருக்கு, ஜவ்வு இறங்கியிருக்கு, இனிமே வெயிட் தூக்காதீங்க, குனியாதீங்க" என்றார்கள். வலி இப்போது முக்கால்வாசி குறைந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நீங்கள் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை, வீடு பெருக்குவதில்லை, தரையில் உட்கார்வதில்லை, மாலையில் கடற்கரைச் சாலையில் நடப்பதையும் நிறுத்திவிட்டீர்கள். இடுப்பில் எந்நேரமும் பெல்ட்.

கேள்விகள் இரண்டு கேட்டிருக்கிறீர்கள். "கடைசியில நான் படுத்த படுக்கையாயிடுவேனா?" என்பது முதலாவது. பாரிசில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு இதே மாதிரி வலி வந்தபோது அங்கே டாக்டர் படமே எடுக்கச் சொல்லாமல் நடக்கச் சொல்லி அனுப்பிவிட்டாரே, அங்கே செய்தது சரியா, இங்கே செய்தது சரியா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆக மாட்டீர்கள். அந்த ரிப்போர்ட்டில் அப்படி நினைக்கும்படி ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று விளக்கத்தான் மீதிக் கடிதம்.

உறையிலிருந்து ஃபிலிமை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பக்கமாக எடுத்தது ஒன்று, பக்கவாட்டில் எடுத்தது ஒன்று என்று இரண்டு படங்கள் இருக்கும். முன்பக்கப் படத்தில் எலும்புக்கு இருபுறமும் கறுப்புத் திட்டுகள் தெரிந்தால் கலங்காதீர்கள், அது குடலில் இருக்கும் வாயு. பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து சதுர எலும்புகள். மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை பெயர். சதுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் நாம் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க் இருக்கிறது. ஆனால் அந்த ஜவ்வு எக்ஸ்ரேயில் விழாது. நரம்பு விழாது. தசைநார் விழாது. எலும்பையும் எலும்புக்கு இடையே உள்ள தூரத்தையும் மட்டும்தான் இந்தப் படம் காட்டும். அந்தத் தூரத்தைப் பார்த்து ஜவ்வின் நிலையை ஊகிக்கிறார்கள்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். அதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையே இடைவெளி குறைந்திருக்கிறது என்பது ஒன்று. ஜவ்வில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயது ஏற ஏற அந்த ஈரம் குறையும், உயரமும் சற்றுக் குறையும். எலும்பின் விளிம்பில் ஆஸ்டியோஃபைட், அதாவது எலும்பு முளை, இருக்கிறது என்பது இரண்டாவது. சதுரத்தின் முன் மூலையில் கிளி மூக்குப் போலச் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான். இடுப்பின் இயல்பான வளைவு நேராகியிருக்கிறது என்பது மூன்றாவது. வலியில் தசை இறுகியிருக்கும்போதும், படம் எடுக்கும் மேஜையில் முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும்போதும் அப்படித் தெரிவது வழக்கம். கடைசி வரியில் உள்ள 'லம்பார் ஸ்பாண்டிலோசிஸ்' புதிதாக இன்னொரு நோய் இல்லை, முன் சொன்ன மாற்றங்களுக்கு ஒட்டுமொத்தமாக வைத்த பெயர்.

இவையெல்லாம் வலி இல்லாதவர்களுக்கும் இருக்குமா? இருக்கிறது, தாராளமாக. இதை அறிய ஆராய்ச்சியாளர்கள் முதுகுவலியே இல்லாதவர்களைத் தேடிப்பிடித்துப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயைவிட நுட்பமான சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்களால் நடந்த அப்படிப்பட்ட 33 ஆய்வுகளை, மொத்தம் 3,110 பேரின் படங்களை, ஒன்றாகச் சேர்த்து 2015-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் வெளியிட்டது. 20 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 37 பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 40 வயதில் 68 பேருக்கு. 80 வயதில் 96 பேருக்கு. ஜவ்வுப் பிதுக்கம் 40 வயதில் சரிபாதிப் பேருக்கு இருந்தது. இவர்களில் யாருக்கும் வலி கிடையாது. உங்கள் வயதில் உள்ள நூறு பேரைக் கடையிலிருந்தும் பெரிய மார்க்கெட்டிலிருந்தும் கூட்டிவந்து ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலோருக்கு உங்களுடையதைப் போன்ற ரிப்போர்ட்தான் வரும். தலை நரைப்பது போல முதுகுக்குள்ளும் நரை விழுகிறது. நரையைப் பார்த்துத் தலைவலிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் படத்துக்கும் வலிக்கும் உறவே இல்லையா என்று கேட்பீர்கள். அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு அதுவரை வந்த எக்ஸ்ரே ஆய்வுகள் அனைத்தையும் சலித்து 1997-ல் முடிவை வெளியிட்டார்கள். இடைவெளி குறைவது, எலும்பு முளை ஆகிய தேய்மான அறிகுறிகள் உள்ளவர்களிடம் முதுகுவலி ஓரளவு கூடுதலாகக் காணப்பட்டது உண்மை. ஆனால் தேய்மானம்தான் வலியை உண்டாக்குகிறது என்று சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை. பிறவியிலேயே முதுகெலும்பின் பின்புறம் மூடாமல் இருப்பது, ஓர் எலும்பு கூடுதலாக ஒட்டியிருப்பது போன்றவற்றுக்கும் வலிக்கும் தொடர்பே தென்படவில்லை. ஆக, உறவு இருக்கிறது. மெலிந்த உறவு. ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து இவருக்கு வலி இருக்கும், இவருக்கு இருக்காது என்று சொல்லும் அளவுக்கு அதில் பலம் கிடையாது. அதே படத்தை நாளை எடுத்தாலும் அப்படியேதான் இருக்கும். உங்கள் வலியோ இரண்டு மாதத்தில் முக்கால்வாசி போய்விட்டது. தேய்மானம்தான் வலிக்குக் காரணம் என்றால், எலும்பு திரும்ப வளர்ந்தா வலி குறைந்தது? இதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பாரிஸ் டாக்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்கள் சித்தப்பாவை அலட்சியம் செய்யவில்லை. 2017-ல் பிரான்சின் அரசு மருத்துவக் காப்பீட்டு நிறுவனமே, முதுகுவலிக்கு நல்ல சிகிச்சை அசைவுதான் என்று நாடு முழுக்க விளம்பரம் செய்தது. புதுச்சேரியிலிருந்து போய் அங்கே குடியிருக்கும் நம் சனங்கள் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். 2019-ல் அந்நாட்டு உயர் சுகாதார ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலும், ஆபத்து அறிகுறி ஏதும் இல்லாமல் புதிதாக வந்த இடுப்புவலிக்கு எந்தப் படமும் தேவையில்லை, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அப்போது யோசிக்கலாம் என்கிறது. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலிய வழிகாட்டுதல்களும் அதையேதான் வெவ்வேறு சொற்களில் சொல்கின்றன.

செலவை மிச்சம் பிடிக்க எழுதிய விதி இல்லை இது. படம் எடுத்துப் பார்த்தே வந்த முடிவு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் ஆறு வாரத்துக்கு மேல் இடுப்புவலி இருந்த 421 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், மறுபாதிக்கு எடுக்கவில்லை. 2001-ல் முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது படம் எடுத்துக்கொண்டவர்களில்தான் வலி இருப்பதாகச் சொன்னவர்கள் கூடுதல். டாக்டரிடம் கூடுதலாகப் போனவர்களும் அவர்களே. ஆனால் பின்னர் கேட்டபோது சிகிச்சையில் திருப்தி அதிகமாக இருந்ததும் அவர்களுக்குத்தான்! நன்றாகக் கவனித்தார்கள் என்ற எண்ணத்தைப் படம் தருகிறது, குணத்தைத் தருவதில்லை. 2009-ல் 'லான்செட்' இதழில் இப்படிப்பட்ட ஆறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. சுமார் 1,800 நோயாளிகள். கடுமையான நோய் இருப்பதற்கான அடையாளம் இல்லாதவர்களுக்கு உடனே படம் எடுப்பதால் வலியிலோ நடமாட்டத்திலோ எந்த நன்மையும் இல்லை என்பதுதான் அதன் முடிவு.

கதிர்வீச்சும் உண்டு. இடுப்பு எக்ஸ்ரேக்கு நெஞ்சுப் படத்தைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு தேவை. இயற்கையாகச் சில மாதங்களில் நம் உடலில் படும் அளவு ஒரே தடவையில் படுகிறது. ஒருமுறை எடுத்ததற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காரணமில்லாமல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டாம். இடுப்புப் படத்தில் சினைப்பையும் கருப்பையும் கதிரின் பாதையிலேயே இருப்பதால், பெண்கள் கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறு. ரிப்போர்ட்டின் சொற்களே ஆளை முடக்கிவிடுகின்றன. இதை நிரூபித்த ஆய்வு நம் பக்கத்திலேயே, கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் நடந்தது. முதுகெலும்பு அறுவை நிபுணர் எஸ். ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் அதை 2021-ல் ஐரோப்பிய முதுகெலும்பு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 44 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அப்படியே விளக்கினார்கள். மற்றவர்களிடம், படத்தில் இருப்பவை வயதுக்கேற்ற சாதாரண மாற்றங்கள்தான் என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரச் சிகிச்சைக்குப் பிறகு பார்த்தால், முழு விவரம் கேட்டவர்களுக்கு வலியும் குறைவாகவே குறைந்திருந்தது, நடமாட்டமும் பின்தங்கியிருந்தது, தன் முதுகு கெட்டுப்போய்விட்டது என்ற எண்ணமும் வலுத்திருந்தது. அந்தக் குழு அதோடு நிற்கவில்லை. பயமுறுத்தும் சொற்கள் இல்லாமல் ரிப்போர்ட் எழுதும் முறை ஒன்றையும் உருவாக்கி, ஒரே ஸ்கேனுக்கு இரண்டு விதமாக ரிப்போர்ட் எழுதிப் பார்த்தார்கள். பழைய முறையில் எழுதியதைப் படித்தபோது மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும்கூட நோயைக் கடுமையானதாக எடைபோட்டார்கள். சகோதரி, இந்த இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். குடத்தையும் துடைப்பத்தையும் கடற்கரை நடையையும் உங்களிடமிருந்து பிடுங்கியது உங்கள் முதுகெலும்பு இல்லை, அந்த ஒரு தாள்.

அதனால் எக்ஸ்ரேயே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படம் கட்டாயம் தேவைப்படும் இடங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கீழே விழுந்தோ வண்டியில் அடிபட்டோ வந்த வலி. வயதான பெண்களுக்கு, அல்லது நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சின்னதாக இடறியதிலேயே திடீரென்று வந்த கடும் வலி. இவற்றில் எலும்பு நொறுங்கியிருக்கலாம். எப்போதோ புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி. ராத்திரி படுத்தாலும் விடாமல், நாளுக்கு நாள் ஏறும் வலி. காரணமில்லாமல் உடம்பு இளைப்பது. சாயங்காலக் காய்ச்சல், இரவில் வேர்ப்பது, பசியின்மை.

கடைசியாகச் சொன்னவை நம் நாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டியவை. காசநோய் நுரையீரலை மட்டும் பிடிப்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். இருமல் இல்லாமலே வரும். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலும்பில் மூன்றில் ஒரு பங்கு சுண்ணாம்புச் சத்தாவது கரைந்த பிறகுதான் அந்த அரிப்பு எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ஆகவே தொடக்கத்தில் எடுத்த படம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காய்ச்சலையும் இளைப்பையும் விட்டுவிடக் கூடாது, எம்ஆர்ஐ தேவைப்படும். படம் இல்லாததை இருப்பதாக எண்ணவைப்பது போலவே, இருப்பதை மறைக்கவும் செய்யும். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் இந்த நோய் மருந்தால் குணமாகும். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வு, பெரும்பாலான முதுகெலும்புக் காசநோயாளிகளுக்கு அறுவை இல்லாமல், நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று உலகத்துக்கே காட்டியது. அரசு மருத்துவமனைகளில் அந்த மருந்து இலவசம்.

எக்ஸ்ரே சரியாகச் சாட்சி சொன்ன இன்னொரு கதையும் இந்த மண்ணில் உண்டு. பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதிக் கிராமங்களில் முதுகு விறைத்து, குனிய முடியாமல், நடுவயதிலேயே முடங்கியவர்களை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர் ஆராய்ந்து, கிணற்று நீரிலிருந்த ஃபுளோரைடுதான் காரணம் என்று 1937-ல் எழுதினார்கள். அவர்களுடைய முதுகெலும்பு எக்ஸ்ரேயில் இயல்புக்கு மீறி அடர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. தருமபுரி மாவட்டத்துக்கும் அதே தண்ணீர்ப் பிரச்சினை நெடுநாள் இருந்தது. தகுந்த ஆளிடம் தகுந்த கேள்வியோடு எடுத்த படம் ஒரு வட்டாரத்தின் நோயையே வெளிக்கொண்டுவந்தது. கேள்வி இல்லாமல் எடுக்கும் படத்தால்தான் தொல்லை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருந்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறையும் வலி மூன்று மாதமாக இருந்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகும். வாத நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். முதுகுவலியோடு சிறுநீர் போகாமல் நின்றுபோவது, மலம் சிறுநீர் தன்னையறியாமல் போவது, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் வலுவிழப்பது — இதில் எது வந்தாலும் அன்றே, அந்த மணியே ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எக்ஸ்ரேக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. இருந்தாலும் கடிதத்தைப் படித்து உடம்பைச் சோதிக்க முடியாது. ஒரு மருத்துவரிடம் போய், "என் இடுப்பையும் காலையும் தொட்டுப் பாருங்கள்" என்று கேளுங்கள். நல்ல சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மெல்லத் தூக்கிப் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே வரை மின்னல் போல வலி பாய்ந்தால் நரம்பு அழுந்தியிருக்கலாம். லாசேக் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயர் இந்தச் சோதனைக்கு உண்டு. அவருடைய மாணவர் ஒருவர் 1881-ல் இதை எழுதிவைத்தார். கால் கட்டை விரலைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே தூக்கச் சொல்வார். சின்னச் சுத்தியலால் முழங்காலிலும் குதிகாலிலும் தட்டிப் பார்ப்பார். காலின் எந்தப் பக்கம் மரத்திருக்கிறது என்று கேட்பார். எந்த நரம்பு, எந்த மட்டத்தில் என்பதை இந்தக் கைச் சோதனை சொல்லும் அளவுக்கு எக்ஸ்ரே சொல்லாது.

படத்தில் தெரியாத இன்னொரு காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது வரை கடையில் உட்கார விடுவதில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. இதற்கு முன்பு வந்த வலி, பளு தூக்கும் வேலை, தூக்கக்குறைவு, மனச்சோர்வு, வேலையில் நிம்மதியின்மை ஆகியவை முதுகுவலியைக் கொண்டுவரவும் நீட்டிக்கவும் செய்கின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெளிவானது. கடையில் இல்லாத நாற்காலி எந்த எக்ஸ்ரேயில் விழும்? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. புதுச்சேரிக்குத் தனிச் சட்டம் என்பதால் அது தானாக இங்கே வராது. ஆனால் எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30-ல் 12 மில் தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு உயிரைக் கொடுத்த ஊர் இது. அந்த ஊர்க் கடைகளில் ஒரு பெண் உட்கார ஸ்டூல் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. தனியாகக் கேட்கத் தயங்கினால் உடன் வேலை செய்பவர்களோடு சேர்ந்து கேளுங்கள். கடை முதலாளிகள் இதைப் படித்தால் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

நடையைத் தொடங்குங்கள். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடக்கும்போது சற்று வலித்தால் ஏதோ முறிகிறது என்று அர்த்தமில்லை. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடத்தி 1995-ல் வெளியான சோதனையில், படுக்கை ஓய்வெடுத்தவர்களையும் பயிற்சி செய்தவர்களையும்விட, முடிந்த அளவு அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

பெல்ட்டை மெல்ல மெல்லக் கழற்றிவிடுங்கள். நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் தந்த வழிகாட்டுதல் பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய புரிதலையும் பரிந்துரைக்கிறது.

வெறும் தரையில் படுக்கச் சொல்லி உங்கள் மாமியார் வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். அக்கறையில் சொல்கிறார். ஆனால் ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்து 2003-ல் வெளிவந்த சோதனையில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. உங்களுக்கு எதில் தூக்கம் வருகிறதோ அதில் படுங்கள்.

குடத்தைத் தொடலாம். முதலில் கால் குடம், உடம்போடு அணைத்து. பத்து நாள் கழித்து அரைக் குடம். முதுகுக்கும் அடிவயிற்றுக்கும் பலம் தரும் நான்கைந்து பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். எந்தப் பயிற்சி உயர்ந்தது என்று தேடாதீர்கள், நீங்கள் விடாமல் செய்யும் பயிற்சிதான் உயர்ந்தது. வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கி வாரக்கணக்கில் விழுங்க வேண்டாம். வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும் அப்படி வரலாம். வெந்நீர் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

வலி திரும்ப வரலாம். பலருக்கு வரும். வந்தால் தேய்மானம் முற்றிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வலியும் பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும்.

2020 கணக்குப்படி உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன ஜவ்வு என்று குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய காரணம் கிடையாது. காரணம் தெரியாவிட்டாலும் குணமாக முடியும் என்பதை நம் மக்களிடம் யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். என் சக மருத்துவர்களையும், இந்த ஊரின் ஸ்கேன் சென்டர்களில் ரிப்போர்ட் எழுதுபவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: தேய்மானம் என்று எழுதும்போது, இது இந்த வயதில் வலி இல்லாதவர்களிடமும் காணப்படுவதே என்று கூடவே ஒரு வரி சேருங்கள். ஒரு வரி மைதான் செலவு. ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பத்து வருஷம் பயந்து வாழ்வதை அது தடுக்கும்.

உங்களிடம் என் வேண்டுகோள் இது. இனி யாராவது உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ இடுப்புக்குப் படம் எடுக்கச் சொன்னால், "எந்த நோயைச் சந்தேகித்து எடுக்கிறீர்கள்? படத்தில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார், பதில் சொல்வார். பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கையில் உள்ள ஃபிலிமை உறையில் போட்டு வைத்துவிட்டு, நாளை மாலை நடக்கப் போங்கள். உங்கள் முதுகு குனியவும் நிமிரவும் தூக்கவும் உண்டானது. அது கெட்டுப்போகவில்லை. தைரியமாகப் பயன்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்